இருபத்தேழாம் எண் வீட்டுப் பால்கனி

செப்டம்பர் 19, செவ்வாய்

அலுவலகத்துக்கென்று ஒரு டைரி எழுதுகிறேன். வெள்ளிதோறும் செயற்பொறியாளர் தெய்வசிகாமணி சார் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இந்த நோட்டு எனக்கு மட்டும். இதை என் கணவர் அல்போன்ஸ்கூடத் தொடுவதில்லை.

இன்று கோட்டைப் பகுதியில் மூன்று வீடுகள் ஆய்வு. இந்தப் பரங்கித்துறையில் தெருச்சுவரில் ஆணி அடிக்கவும் ஸ்டெல்லா மேடத்தை, அதாவது என்னை, கேட்க வேண்டும் என்று கேலி பேசுவார்கள். அவ்வளவு ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் என்ன மாற்றினாலும் பாரம்பரியக் கட்டடப் பிரிவுக்காரர்களான எங்களுக்குக் கவலையில்லை. முகப்பு, சன்னல், பால்கனி, கூரை இவை மட்டும் இருந்தபடி இருக்க வேண்டும். பழுது பார்ப்பதென்றால் சுண்ணாம்பும் தேக்கும். சிமெண்டும் அலுமினியமும் கூடாது.

11.10க்குச் சாயக்காரத் தெரு 27. முன்பக்கம் தையல் மெஷின் ரிப்பேர் கடை, பின்கட்டில் குடியிருப்பு. மரப் பால்கனி விழப்போகிறது, எடுத்துவிட அனுமதி வேண்டும் என்று உரிமையாளர் ருக்மாங்கதன் மனு. அவர் உதிரிபாகம் வாங்கக் கும்பகோணம் போயிருந்தார். மாடி அறையைப் பயந்துபோய்ப் பூட்டி வைத்திருக்கிறார்களாம், சாவி அவரிடம். பஸ் ஏறிவிட்டார், அரை மணியில் வந்துவிடுவார் என்று மனைவி வேதவல்லி சொன்னார். மோர் கொடுத்தார். பால்கனி உறுதியாக இருக்கிறது. பூச்சு மட்டும் உதிர்ந்திருக்கிறது. 11.25க்கு அடுத்த வீடு.

சமையல் கேஸ் புக் செய்ய வேண்டும்.

செப்டம்பர் 21, வியாழன்

27-க்கு அறிக்கை வைத்துவிட்டேன். "நேரில் முழுமையாக ஆய்வு செய்யப்பட்டது. உத்திரங்கள் நல்ல நிலையில் உள்ளன. அகற்றத் தேவையில்லை." மூன்று வரி போதும். அனுமதி தரும் குழுவினர் மனுவையெல்லாம் படிப்பதில்லை, எங்கள் சுருக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

எல்லோரும் விழப்போகிறது என்றுதான் சொல்வார்கள். போன வருடம் கொடிமரத் தெருவில் ஒருவர் என் முன்னால் கண் கலங்கினார், கூரை குழந்தைகள் தலையில் இறங்கிவிடும் என்றார். அபாயம் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் வீடு முழுவதையும் தரைமட்டமாக்கிவிட்டார். இப்போது அங்கே கண்ணாடி போட்ட லாட்ஜ். எனக்கு மெமோ. திரும்ப ஒருமுறை ஏமாறுவதாக இல்லை.

டிசம்பரில் உதவிப் பொறியாளர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. மெமோ வாங்கியவள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 6, வெள்ளி

குழுக் கூட்டம். பதினொரு மனுக்கள், ஒன்றரை மணி நேரம். 27 நிராகரிப்பு. அந்தத் தெருவில் மிச்சமிருப்பவை ஆறே ஆறு மரப் பால்கனிகள், ஒன்றைக்கூட விடக்கூடாது என்றார் தலைவர்.

அக்டோபர் 7, சனி

இட்லி மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பமாக ஊற்றினேன்.

அக்டோபர் 16, திங்கள்

ருக்மாங்கதன் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். விரல் இடுக்கெல்லாம் மெஷின் எண்ணெய்க் கறை. சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ரவை மாதிரி மரத்தூள். காலையில் பெருக்கியபோது கடை வாசலில் கிடந்ததாம். உத்திரத்தின் தலை சுவருக்குள் இருக்கும் இடத்தில் இத்துப்போய்விட்டது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்றார்.

குழு முடிவு செய்தாயிற்று, இனி எதையும் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றேன்.

"எழுத்துலதான மேடம் குடுத்தேன்" என்றார்.

அடுத்த ஆள் காத்திருந்தார். அவர் பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனபிறகு மேசையில் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. துடைத்தேன். மரத்தூள் எந்த வீட்டில்தான் இல்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை விடுமுறை. காய்கறி வாங்கச் சாயக்காரத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. ருக்மாங்கதன் கடையில் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். வேதவல்லி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து பொரியும் சுண்டலும் கொடுத்தார். எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை என்று காட்டுவதற்காக வாங்கிக்கொண்டேன். பால்கனி நிழலில் இரண்டு நிமிடம் நின்றிருப்பேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. பிற்பகல் நான்கு மணிக்கு ஸ்கூட்டரில் வரும்போது பார்க்கிறேன், பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் 27-இன் பால்கனிக்குக் கீழே ஒதுங்கி நிற்கிறார்கள். ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார்களாம். தினமும் மழைக்கு அங்கேதான் நிற்பார்களாம். அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் என்று அதட்டினேன். எதிரில் ஒதுங்க இடமில்லை மிஸ் என்றார்கள்.

பள்ளிக்கே போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். ஆட்டோ வரும்வரை பிள்ளைகளைக் கேட்டுக்குள்ளேயே நிறுத்தி வையுங்கள் என்றேன். அந்த இடத்தில் ஏதாவது ஆபத்தா என்று கேட்டார். போக்குவரத்து அதிகம் என்றேன்.

அது ஒரு வழிப் பாதை. மணிக்குப் பத்து வண்டி போனால் அதிகம்.

நவம்பர் 1, புதன்

மழை. நான்கு மணிக்கு வேலையே இல்லாமல் அந்தத் தெருவுக்குப் போனேன். நான்கு பிள்ளைகள் நின்றார்கள்.

நவம்பர் 2, வியாழன்

மழை. கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. அல்போன்ஸ் குடை பிடித்தும் அணைந்துகொண்டே இருந்தது. துணி மூன்று நாளாகக் காயவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

எங்கள் விதிகளில் ஒரு பிரிவு உண்டு. உயிருக்கு ஆபத்து என்று பொறியாளர் சான்று கொடுத்தால் குழுவைக் கேட்காமலே ஒரு நாளுக்குள் முட்டுக் கொடுக்கலாம். பால்கனியும் பிழைக்கும், ஆளும் பிழைக்கும். அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு தெய்வசிகாமணி சாரிடம் போனேன்.

முந்தைய அறிக்கையின் விவரம் என்ற கட்டத்தில் விரலை வைத்தார். "செப்டம்பர்ல நல்லாருந்த மரம் நவம்பர்ல இத்துப்போச்சுன்னு எழுதப் போறியாம்மா? நீ போய்ப் பாத்தியான்னு கேப்பான்." பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருப்பதாகவும் சொன்னார். படிவத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. போன வருடம் மெமோ வந்தபோது எனக்காக மேலிடத்தில் பேசியவர் அவர்தான்.

நவம்பர் 4, சனி

திங்கள் காலை முதல் வேலையாக 27-க்குப் போய் மாடியைப் பார்த்துவிடுவது. பார்த்தபிறகு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொள்ளலாம். இன்று போயிருக்கலாம். மழை.

நவம்பர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் போன் அடித்தது, தெய்வசிகாமணி சார். ருக்மாங்கதன் பால்கனியைத் தானே இடித்துவிட்டார். இரண்டு கொத்தனார்களை வைத்துக்கொண்டு, பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து, காலை ஏழு மணிக்கு. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து இறக்கத்தான் நினைத்திருக்கிறார். கயிறு கட்ட அவர் அதில் கால் வைத்ததும் மொத்தமாக இறங்கிவிட்டது. அவரும் அதனுடன் விழுந்தார். தொடை எலும்பு முறிவு, தலையில் காயம். உயிருக்கு ஆபத்தில்லை.

வேறு யாருக்கும் அடியில்லை. தெருவின் இரண்டு முனையிலும் மெஷின் ஸ்டாண்டுகளை அடுக்கி வழியை அடைத்திருக்கிறார். ஒரு முனையில் வேதவல்லி நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

சமைக்கவில்லை. அல்போன்ஸ் புரோட்டா வாங்கி வந்தார்.

நவம்பர் 6, திங்கள்

காலையில் இடத்துக்குப் போனோம். சார் போட்டோ எடுத்தார், நான் அளவெடுத்தேன். சுவரில் ஆறு உத்திரக் குழிகள் வாய் பிளந்து நின்றன. உத்திரங்கள் மண்ணோடு குவிந்து கிடந்தன. தெருவில் நீட்டிக்கொண்டிருந்த பாகம் வைரம் பாய்ந்த தேக்கு, இரும்பு மாதிரி. சுவருக்குள் இருந்த தலைப்பாகத்தில் என் பேனாவை வைத்து அழுத்தினேன். மூடிவரைக்கும் உள்ளே போயிற்று.

அலுவலகம் திரும்பியதும் சார் புகார் எழுதச் சொன்னார். அனுமதியின்றிப் பாரம்பரியக் கட்டுமானத்தை இடித்தது. தண்டனை உண்டு, அதே மரத்தில் அதே அளவில் திரும்பக் கட்டியும் ஆகவேண்டும். "செப்டம்பர் 21-ஆம் தேதி அறிக்கையின்படி உறுதியான நிலையில் இருந்த பால்கனியை" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் ஆய்வு செய்த அலுவலர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

போட்டேன்.

நவம்பர் 8, புதன்

அரசு ஆஸ்பத்திரி. எலும்புப் பிரிவு. எதற்காகப் போனேன் என்று தெரியவில்லை. நாலு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். ருக்மாங்கதன் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தலையில் கட்டு.

வேதவல்லி வராந்தாவுக்கு எழுந்து வந்தார். போலீஸ் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். மரத்தூளைப் பற்றியோ மனுவைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. நானாகத்தான், நடந்ததற்கு வருத்தமாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீங்க மேல ஏறவே இல்லியே மேடம்."

ஆரஞ்சுப் பையை நீட்டினேன்.

"இவருகிட்டகூட நான் சொல்லல. சொன்னா அங்க வந்து சண்ட போடுவாரு. நாளைக்கு வேற எதுக்காச்சும் உங்க கையெழுத்துக்குத்தான நாங்க வந்து நிக்கணும்? உங்களப் பகச்சுக்கிட்டு நாங்க எங்க போறது?"

ஆரஞ்சுகளை வாங்கிக்கொண்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

நவம்பர் 9, வியாழன்

நான் மாடிக்குப் போகவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன், போனில் இரண்டு படம் எடுத்தேன், அவ்வளவுதான். அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. அடுத்த வீட்டை மதியம் பார்த்திருக்கலாம். கொடிமரத் தெருக்காரரைப் போல இவரும் ஒரு பொய்யர் என்று வாசலில் கால் வைக்கும்போதே முடிவு கட்டியிருந்தேன். பொய்யன் வீட்டு மாடியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

செப்டம்பர் 19-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அலுவலக டைரியில் எழுதியதையே இங்கேயும் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மாடி வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. மத்தியானம் அல்போன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், எதையும் நீட்டிப் பேசத் தெரியாதவர். வேலை போய்விடுமா என்று கேட்டார். வெளியே தெரிந்தால் சஸ்பெண்ட் நிச்சயம், அதற்குமேல் தெரியாது என்றேன். வாசலில் பிள்ளைகள் பட்டாசு வெடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஆளு நடப்பாரா ஸ்டெல்லா?" என்றார். டாக்டர்கள் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றேன். இனி இரண்டு நாள் அவர் என்னுடன் சரியாகப் பேசவில்லை என்று இங்கே எழுத நேரலாம். எழுத நேர்ந்தால் அது நியாயம்தான்.

நவம்பர் 15, புதன்

22-ஆம் தேதி சப்-கலெக்டர் முன் விசாரணை. தெய்வசிகாமணி சார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். உத்திரம் இத்திருந்ததே என்று கேட்டால், ஆய்வுக்குப் பிறகு பெய்த மழையில் இற்றிருக்கலாம் என்று சொல்ல வேண்டும். ஒன்றரை மாதத்தில் தேக்கு இற்றுப்போகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சப்-கலெக்டருக்குத் தெரியாது என்றார்.

அல்போன்ஸ் பேசினார். ரசத்தில் உப்பு இல்லை என்று.

நவம்பர் 22, புதன்

காலை பத்தரைக்கு விசாரணை. சப்-கலெக்டர் சின்ன வயதுப் பெண், முப்பதுகூட இருக்காது. ருக்மாங்கதனால் வர முடியவில்லை. வேதவல்லி மட்டும் வந்திருந்தார், வக்கீல் இல்லாமல். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சார் முதலில் பேசினார். உறுதியான பால்கனி, வேண்டுமென்றே இடிப்பு, இதை விட்டால் தெருவே போய்விடும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சப்-கலெக்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். மனு. அதைத் திருப்பிப் பின்பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். "பால்கனியை அகற்றக் கூடாது என்றால், தெருவில் இரும்புக் குழாய் நட்டு முட்டுக் கொடுக்கவாவது உடனே அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடியில் பள்ளிக் குழந்தைகள் நிற்கிறார்கள்."

இது ஏன் குழுவுக்குப் போகவில்லை என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். எனக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே அப்போதுதான் தெரியும். மனுவின் முதல் வரியைப் படித்துவிட்டுச் சுருக்கம் எழுதியிருக்கிறேன்.

பிறகு சப்-கலெக்டர் என் அறிக்கையை எடுத்தார். நேரில் முழுமையாக ஆய்வு என்றால் என்ன செய்தீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். மழை, இற்றுப்போதல் என்று தயாரித்து வைத்த சொற்கள் தொண்டைவரை வந்தன. சார் மெதுவாகத் தலையசைத்தார்.

"மாடிப்படி வீட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார் சப்-கலெக்டர். அவர் என்னைச் சந்தேகித்துக் கேட்டதாகத் தெரியவில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தெரியாதுங்க மேடம்" என்றேன். "நான் மாடிக்குப் போகல. தெருவுல நின்னு பாத்துட்டு எழுதிட்டேன். அவர் எழுதின இந்தப் பக்கத்தையும் நான் படிக்கல."

தட்டச்சுக்காரர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதையும் அடியுங்கள் என்றார் சப்-கலெக்டர். நான் இன்னொரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது.

வேதவல்லி என் பக்கம் திரும்பவே இல்லை.

நவம்பர் 23, வியாழன்

சஸ்பெண்ட் உத்தரவு மதியம் வந்தது. அலமாரிச் சாவி, அளவுநாடா, அடையாள அட்டை ஒப்படைத்தேன்.

டிசம்பர் 8, வெள்ளி

ருக்மாங்கதன் மீதான வழக்கைக் கைவிட்டார்கள். பால்கனியைத் திரும்பக் கட்டியாக வேண்டும், ஆனால் அவர் செலவில் இல்லை. நேற்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்களாம். ஒரு கால் குட்டை, இனி ஊன்றுகோல்தான்.

பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. பார்க்கவில்லை.

டிசம்பர் 18, திங்கள்

பழைய சகா ஒருத்தி போன் செய்தாள். என் பெயரைக் குறிப்பிட்டே ஏழு மனுக்கள் வந்திருக்கின்றனவாம். அந்த அம்மாள் பார்க்காமலே உறுதி என்று எழுதியவர், எங்கள் வீட்டையும் அப்படித்தான் எழுதியிருப்பார், எனவே இடிக்க அனுமதி கொடுங்கள் என்று. குழுவில் இப்போது எல்லோருக்கும் பயம். உறுதி என்று எழுத ஒருவரும் தயாரில்லை. சாயக்காரத் தெரு 34-ஆம் எண் பால்கனிக்கு அபாயம் என்று சான்று கொடுத்தாகிவிட்டது. அந்த வீட்டுக்காரர் ஜவுளிக்கடை வைக்கக் கண்ணாடி முகப்பு கேட்டுக்கொண்டிருந்தவர். புதிதாக வந்த பொறியாளர் மேலே போனாரா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

டிசம்பர் 20, புதன்

34-இன் மாடியில் ஒரு டியூஷன் டீச்சர் வாடகைக்கு இருக்கிறார். நான் யார், இப்போது எனக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று எல்லாம் சொல்லித்தான் அனுமதி கேட்டேன். உள்ளே விட்டார். ஆறு உத்திரத்தின் தலையையும் பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன். டீச்சரிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி, ஒவ்வொன்றிலும் என் பலம் முழுவதையும் வைத்துக் குத்தினேன். ஐந்தில் நுனிகூட இறங்கவில்லை. ஆறாவதில் கால் அங்குலம். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று.

ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நாள் உண்டு. ஆனால் அந்தத் தெருவில் வசிப்பவர்தான் மனுச் செய்ய முடியும். டீச்சர் வீட்டுக்காரருக்குப் பயப்படுகிறார். மற்றவர்களில் பாதிப்பேர் தங்கள் வீட்டை இடிக்கக் காத்திருப்பவர்கள்.

டிசம்பர் 21, வியாழன்

27-க்குப் போனேன். ருக்மாங்கதன் காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு ஒரு மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொன்னார், நிறுத்தாமல் வேலையைத் தொடர்ந்தார். வேதவல்லி உட்காரச் சொல்லவில்லை. மோர் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

எழுதி வைத்திருந்த மனுவை வேதவல்லியிடம் நீட்டி, நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைத் தொடவில்லை.

"நான் எதுக்குங்க இதுல கையெழுத்துப் போடணும்? இவரு காலு போனது ஒரு பால்கனியாலதான்."

நியாயமான கேள்வி. அந்த மரம் நன்றாக இருக்கிறது, அதற்காகத்தான் என்றேன். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எனக்கு எந்த உதவியும் செய்யக் கடமைப்பட்டவர் இல்லை, மறுத்தால் திரும்ப வரமாட்டேன் என்றும் சொன்னேன்.

ருக்மாங்கதன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மனைவியைப் பார்த்தார்.

வேதவல்லி கேட்டார். "மேல ஏறிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தன உத்திரம்?"

"ஆறு. அஞ்சு நல்லாருக்கு. கிழக்கு ஓரத்துல இருக்கற ஒண்ணு லேசா அரிச்சிருக்கு. அத மட்டும் மாத்தினாப் போதும்."

அந்த அரித்ததையும் மனுவில் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மனுவை வாங்கினார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து மெல்ல வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். அவர் படித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு பேனா கேட்டார்.